வாவிக்கரையில் உயர்கல்வி



மெதடிஸ்த போதகராகிய வில்லியம் ஓல்ட் 1814ஆம் ஆண்டிலே மட்டக்களப்புக்கு வந்து ஆங்கிலக் கல்விக்கு வித்திட்டார். ஓராண்டு நிறையுமுன்னரே அவர் இங்கு உயிர் நீத்தார். அவரிட்ட வித்து மெதடிஸ்த மத்திய கல்லூரியாய் இன்றும் தழைத்து நிற்கின்றது. ஆயினும், வாவிக்கரை மாணவன் தன் மண்ணிலேயே பல்கலைக்கழகக் கல்வி பெற, அதன்பின் 167 ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தன.

இடைக்காலத்திலே கற்க விழைந்தோர் பட்ட பாட்டினை அறிய விபுலாநந்த அடிகளின் வரலாறொன்றே போதும். 1892இல் காரைதீவிற் பிறந்த அவர், புனித மிக்கேல் கல்லூரியிலே பள்ளிப்படிப்பை முடித்தார். ஆசிரியப் பயிற்சிக்கும் விஞ்ஞானக் கல்விக்கும் கொழும்பு செல்ல நேர்ந்தது. பண்டிதர் பட்டத்தை 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கமும், விஞ்ஞானப் பட்டத்தை 1920இல் இலண்டன் பல்கலைக்கழகமும் வழங்கின. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவர் அவரே. கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவரும் அவரே. எனினும், 1947இல் அவர் மறைந்தபோது அவர் பிறந்த மாகாணத்திலே பல்கலைக்கழகம் இல்லை.

1981 ஓகஸ்ட் முதலாந் தேதி, நகருக்கு வடக்கேயுள்ள வந்தாறுமூலையிலே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. கிராமத்துப் பிள்ளைகளுக்கென எழுந்த மத்திய கல்லூரியின் கட்டடங்களே அதற்கு இல்லமாயின. ஒரு பாடசாலை தன் மனையையே ஈந்த இச்செயலை, அதிபர் பணியிலிருப்போர் எளிதில் மறக்கமாட்டார். 1986 ஒக்டோபரில் அக்கல்லூரி கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

இதனால் பெரும்பயன் எய்தியோர் பெண்மக்கள் என்பது என் கருத்து. இப்பகுதியில் வீடும் வளவும் பெண்ணுக்கே சீதனமாய்ச் சேர்வது நெடுங்கால வழக்கு. வீட்டுக்குரியவளைத் தொலைவுக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கினர். பேராதனைக்குப் போகாதே என்று தடுத்த தந்தையரும் வந்தாறுமூலைக்குப் போய்வர இசைந்தனர்.

இவ்வாறு வளர்ந்த வளாகத்திலே 1990இற் பேரிடி விழுந்தது. போருக்கு அஞ்சிய கிராமத்தவர் பல்லாயிரவர் விரிவுரை மண்டபங்களிலும் மரநிழலிலும் அடைக்கலம் புகுந்தனர். செப்டெம்பர் 5ஆந் தேதி படையினர் 158 பேரை அங்கிருந்து கொண்டுசென்றனர், அவர்கள் திரும்பவில்லை. போரினால் அங்கு கல்வியைத் தொடர இயலாத மாணவர் பொருட்டு, 1995இல் தென்கிழக்கிலே வேறொரு பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, மறுவருடமே ஒலுவிற் பல்கலைக்கழகமாயிற்று.

இன்று வந்தாறுமூலையேயன்றி வேறு வழிகளும் உள. பல்கலைக்கழக அனுமதி கிட்டாதவர்க்குத் தொழில்நுட்பக் கல்லூரியும் உயர்தொழில்நுட்ப நிறுவனமும் திறந்த பல்கலைக்கழகத்தின் நிலையமும் உண்டு. இசை, நடனம், நாடகம் பயில்வோர்க்குக் கல்லடியிலே அடிகளின் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கின்றது. படுவான்கரைப் பிள்ளைகள் முன்பு மண்முனைத்துறையிலே ‘பாதை’ எனப்படும் மிதவைக்காகக் காத்து நின்றனர். 2014இல் அங்கே பாலம் திறக்கப்பட்டது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மாணவி ஒருத்தி காலையிற் கல்லடிக்கு வந்து நடனம் பயின்று, பொழுது சாயுமுன் இல்லம் மீள அப்பாலம் வழிசெய்கின்றது.