இரண்டாவது அடி

கதையிலும் சினிமாவிலும் கதாநாயகனுக்குத் தலையில் அடிபட்டால் பழைய ஞாபகம் பறந்துவிடும். பத்து ரீல் கழித்து இன்னோர் அடி பட்டால் எல்லாம் திரும்பிவிடும். எங்களைப் போல் கதை எழுதுகிறவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான சங்கதி கிடையாது.

வாஸ்தவத்தில் நடப்பது வேறு. 1905-ல் ஹார்வர்டு சர்வகலாசாலைக் கால்பந்துக் கோஷ்டியின் வைத்தியராக இருந்தவர் எட்வர்டு நிக்கல்ஸ். (பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதற்கு அமெரிக்காவில் கால்பந்து என்று பெயர்!) அவரும் ஹோமர் ஸ்மித்தும் அந்த வருஷத்துக் காயங்களையெல்லாம் குறித்துவைத்து 1906 ஜனவரியில் பாஸ்டன் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். இரண்டே ஆட்டங்கள் தவிர மற்ற எல்லாவற்றிலும் யாராவது ஒருவனுக்கு மூளை அதிர்ந்திருந்தது. பையன்களோ அதை வேடிக்கையாகவே நினைத்தார்கள். சில சமயம் அடிபட்டவன் விழக்கூட இல்லை. பழகிய கையும் காலும் தாமாக ஆடிக்கொண்டிருந்தன. அவன் புத்தி அவன் வசம் இல்லை என்பது வெகுநேரம் கழித்துத்தான் கூட ஆடியவர்களுக்குத் தெரிந்தது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மயங்கி விழுந்தால்தான் ஆபத்து என்ற எண்ணம் அதற்குப் பிறகும் வெகுகாலம் நீடித்தது. மற்ற அடையாளங்களை யார் பொருட்படுத்தினார்கள்? தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சத்தில் கண்கூச்சம், தூக்கமின்மை, மறதி, சிடுசிடுப்பு: டாக்டர்கள் இவற்றை ஜாபிதாவாக எழுதி மார்க்குப் போட்டுக் கூட்டுவதுண்டு. ஆனால் இவை கூட்டுக் குடும்பம். ஒருவர் முகம் சுளித்தால் வீடு முழுவதும் சுளிக்கும். தலைவலி தூக்கத்தைக் கெடுக்கிறது. தூங்காதவனுக்கு மறுநாள் பாடம் ஏறுவதில்லை. ஏறவில்லையே என்ற கவலை எரிச்சலாகிறது. எரிச்சல் தலைவலியை மறுபடி கிளப்புகிறது. வாத்தியார் 'சோம்பேறி' என்கிறார். தாயார் 'பரீட்சைப் பயம்' என்கிறாள். மைதானத்தில் பட்ட அடியை அதற்குள் எல்லோரும் மறந்தாயிற்று. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தீர்கிற தொல்லை, பிள்ளைகளுக்கு ஒரு மாதம்கூட இழுக்கும்.

முதல் அடி ஆறுமுன் இரண்டாவது பட்டால், அபூர்வமாக மூளை வீங்கி உயிருக்கே உலை வைத்துவிடும். 1984-ல் இரண்டு அமெரிக்க வைத்தியர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். அப்படியும் ஆட்டம் நிற்கவில்லை.

2006-ல் வாஷிங்டன் மாநிலத்தில் ஸாக்கரி லிஸ்டெட் என்ற பதின்மூன்று வயதுப் பையன், தலையில் அடிபட்ட அதே ஆட்டத்தில் திரும்பவும் இறங்கி ஆடினான். ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே சாய்ந்தான். பிழைத்தான், ஆனால் அதன்பின் முதல் வார்த்தை பேச ஒன்பது மாதமாயிற்று. அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே அழைத்துவிட வேண்டும், வைத்தியர் எழுதிக் கொடுக்காமல் மறுபடி ஆடவிடக் கூடாது என்று 2009-ல் அந்த மாநிலம் சட்டம் செய்தது. சட்டத்துக்கு அவன் பெயர்தான்.