உரிமம்

மலேசியாவின் லூனாஸில் கடை வைக்கவும் கார் ஓட்டவும் வேண்டியது ‘லைசென்ஸ்’; அரசுத் தாளில் மலாயில் ‘லெசென்’. இலத்தீன் வேர்ப்படி அது அனுமதி. தமிழின் உரிமமோ உரிமை, உரியவர் போல ‘உரி’ என்னும் வேரில் பிறந்தது. சொந்தம் என்ற வாசம் அதில் உண்டு.

மென்பொருளில் இந்த வேறுபாடு பணமாகவே வலிக்கும். ஒருவர் ஆசைக்கு எழுதிய நிரலுக்குக் காசு கட்டினால் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதிதான். எழுதியவர் கைவிட்டுப் போனபின் புதுக் கணினியில் நிரல் திறவெண் (லைசென்ஸ் கீ) கேட்கும், தர ஆளிருக்காது. நிரல் அப்போதும் பொதுச்சொத்தாகாது. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் நிரலை இலக்கியப் படைப்பாகக் கொண்டு, ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுவரை காக்கிறது. காசு வாங்கியவர் விலகும்போது திறவெண்ணையாவது எல்லோருக்கும் திறந்துவிடுவதே நியாயம். சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை.