பழவேற்காட்டில் யாருக்குப் பாடு?

பழவேற்காடு என்றதும் டச்சுக் கோட்டையும் பூநாரைகளும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய அந்தக் கோட்டையிலிருந்து துணி மட்டுமா கப்பலேறியது? பஞ்சத்தில் விற்கப்பட்ட ஏழை மக்களும் அடிமைகளாகப் படேவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள். சுற்றுலாப் பலகைகள் இதைச் சொல்வதில்லை. ஆனால் நான் பேச வந்தது ஏரியைப் பற்றி.

ஆரணி ஆறும் காளாங்கி ஆறும் வந்து சேரும் உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருந்தாலும், தெற்கே கடலோடு சேரும் முகத்துவாரம் நம் பக்கம். கடல்நீர் ஏறி இறங்கும்போது இறால் அந்த வழியாகத்தான் போய் வரும். அதனால் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில்தான் நல்ல மீன்பாடு. ஏரிக்குள் கழிகளை ஊன்றி வலையைக் கட்டிவிட்டால், நீரோட்டமே இறாலை வலைக்குள் தள்ளிவிடும். இதற்குப் படகு, வலை, கழி, ஆட்கள் எல்லாம் வேண்டும். அவற்றைவிட முக்கியமாக, கழி ஊன்ற இடம் வேண்டும்.

அந்த இடத்தைப் பங்கிடுவதுதான் 'பாடு' முறை. எந்த ஊருக்கு எந்த நாள், எந்தக் குழுவுக்கு எந்த இடம் என்று முறை வைத்தும் குலுக்கல் போட்டும் பிரித்துக்கொள்வார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரும். சண்டை குறையும், ஏரியும் தாங்கும். பொதுவளம் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் இதை மெச்சுகிறார்கள். சமூகவியல் வகுப்பில் படித்தபோது நானும் மெச்சினேன்.

குலுக்கலில் யார் பெயர் இருக்கிறது என்று அப்போது நான் கேட்கவில்லை. பாடு உரிமை பட்டினவர் ஊர்களுக்கு உரியது. அதே ஏரிக்கரையில் வாழ்ந்து அதே ஏரியில் மீன் பிடிக்கும் தலித் மக்களுக்கும் இருளர்களுக்கும் அதில் இடமில்லை. உள்ளே இருப்பவர்களுக்குள் அத்தனை நேர்த்தியான சமத்துவம். வெளியே நிற்பவர்களுக்கு எதுவுமில்லை. ஏற்றுமதியால் இறால் விலை ஏறிய பிறகு இந்த வேலியின் மதிப்பும் ஏறியது. அரசு கடன் கொடுத்து வலை வாங்கித் தரலாம். அதை எங்கே விரிப்பது?

இதைச் சொன்னால், "மீனவர்களைப் பிரிக்கிறீர்களா?" என்று கேட்பார்கள். பட்டினவர்கள் ஜமீன்தார்கள் அல்ல, தோழர்களே. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளம் வந்தபோது இடம்பெயர்ந்தவர்களில் மீனவர்களும் உண்டு. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும் அனல்மின் நிலையமும் நெருக்குவது அவர்களையும்தான். துறைமுகத்துக்கு எதிரான போராட்டத்தில் எல்லோரும் ஒரே பந்தலில் உட்கார வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். அந்தப் பந்தலிலேயே பாடு பற்றியும் பேச வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான். இழப்பீட்டுப் பட்டியல் என்று ஒன்று எழுதும் நாளில், வலையும் பாடும் இல்லாதவரை மீனவர் என்று யார் எழுதுவார்கள்?

இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவித்தான் இறால் பிடிக்கிறார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டால்தான் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். மணிக்கணக்கில் நீரில் நின்று பிடித்த இறாலை அன்றைக்கே வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடக்கிறார்கள்.