44-ஏ: ஒரு சட்டப் பிரிவும் ஓர் உறுப்பினரும்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி மேடைகளில் தவறாமல் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. தேவதாசி முறை கோயிற் பண்பாட்டின் அங்கம், அது நிலைக்கவேண்டும் என்று சட்டசபையில் ஓர் உறுப்பினர் வாதிட்டாராம். “இதுவரை எங்கள் குலப் பெண்கள் செய்தது போதும், இனி உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள்” என்று முத்துலட்சுமி திருப்பிக் கேட்டாராம். சபை வாயடைத்துப் போயிற்று. தேவதாசி முறை ஒழிந்தது. கதை அங்கே முடியும், கைதட்டல் எழும்.

கதையின் சுவையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், ஒரு வாக்கியத்தில் ஒரு சபை மனம் திரும்பியது என்ற எண்ணத்தை அது நமக்குள் விதைத்துவிடுகிறது. நடந்ததோ வேறு. முதல் தீர்மானம் நிறைவேறியது 1927-இல். பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947-இல். இடையே இருபது ஆண்டுகள். அந்த இருபதில் முத்துலட்சுமி சட்டசபையில் இருந்தது மூன்றரை ஆண்டுகளுக்கும் குறைவு. அக்குறுகிய காலத்தில் அவர் செய்தவற்றுள் மிக முக்கியமானதென்று நான் கருதுவது, எந்த மேடையிலும் சொல்லப்படாத ஒன்று. அது இந்து அறநிலையச் சட்டத்தில் செருகப்பட்ட 44-ஏ என்னும் பிரிவு. நில மானியம் பற்றிய, வாசிக்கச் சலிப்பூட்டும் ஒரு பிரிவு. ஒரு சட்டசபை உறுப்பினரின் பணியை எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு அந்தச் சலிப்பூட்டும் பிரிவிலிருந்துதான் விடை தேடவேண்டும் என்று தோன்றுகிறது.

*

முதலில் அவர் எப்படிப்பட்ட சபைக்குள் நுழைந்தார் என்பதைப் பார்க்கலாம்.

முத்துலட்சுமி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு இடமளித்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

சென்னை மாகாணத்துப் பெண்கள் 1921-இல் வாக்குரிமை பெற்றிருந்தார்கள். ஆனால் சொத்து, வரி ஆகிய தகுதிகளின் அடிப்படையில் அமைந்த வாக்குரிமை அது. ஆகவே மிகச் சிலருக்கே கிட்டியது. சபைக்குப் போட்டியிடும் உரிமை 1926-இல்தான் வந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய சிறிய வித்தியாசத்தில் தோற்றார். பெண்கள் எவரும் தேர்தல் வழியாகச் சபைக்குள் வரவில்லை. அடையாற்றில் 1917-இல் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கத்தின் பரிந்துரையின் பேரில், முத்துலட்சுமி நியமன உறுப்பினரானார். மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு அரசியலுக்குப் போவதில் அவருக்குத் தயக்கம் இருந்தது. சென்றபின், சபை அவரை ஒருமனதாகத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதல் பெண் அவர்.

மரியாதை பெரிது, அதிகாரம் சிறிது. அது இரட்டையாட்சிக் காலம். சில துறைகள் அமைச்சர்களிடம் இருந்தன; நிதியும் காவலும் போன்றவை ஆளுநரின் நிர்வாக சபையிடம் இருந்தன. ஓர் உறுப்பினர் கொண்டுவரும் தீர்மானம் நிறைவேறினாலும் அது அரசுக்கு ஒரு பரிந்துரை மட்டுமே. அரசு ஏற்கலாம், கிடப்பில் போடலாம். அவருக்குப் பின்னால் கட்சியும் இல்லை, தொகுதியும் இல்லை.

ஆகவே அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை, ஏழைப் பெண்களுக்குக் கல்விச் சலுகை, முஸ்லிம் மாணவியருக்கு விடுதி என்று அவர் எழுப்பியவை பல. 1928 மார்ச்சில், பெண்ணின் திருமண வயதைக் குறைந்தது 16 ஆகவும் ஆணின் வயதை 21 ஆகவும் உயர்த்தவேண்டும் என்று தீர்மானம் கொணர்ந்தார். அடுத்த ஆண்டு மத்திய சட்டசபை நிறைவேற்றிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்ற அளவோடு நின்றது. பிரசவ அறையில் சிறுமிகளைக் கண்டிருந்த மருத்துவரின் கணக்குக்கும் சபையின் கணக்குக்கும் இடையில் இரண்டு வயது இடைவெளி இருந்தது.

*

இனி 44-ஏ பிரிவுக்கு வருவோம்.

1927 நவம்பரில், இளம்பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் இயற்றவேண்டும் என்று முத்துலட்சுமி கொணர்ந்த தீர்மானத்தைச் சபை ஏற்றுக்கொண்டது. ஆனால் சட்டமே இல்லாமலும் இல்லை. சிறுமியரை விபசாரத்துக்காக விற்பதையும் வாங்குவதையும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373 பிரிவுகள் ஏற்கெனவே குற்றமாக்கியிருந்தன. பொட்டுக்கட்டுவதும் அவற்றின்கீழ் வழக்காகியிருக்கிறது. 1924-இல் வயது வரம்பு 18 ஆகவும் உயர்த்தப்பட்டது. இருந்தும் வழக்கம் தொடர்ந்தது. ஏன்?

பக்தியும் மரபும் மட்டும் காரணமல்ல. காரணத்தின் ஒரு பெரும்பகுதி நிலத்தில் இருந்தது. கோயில்களில் ஆடவும் பாடவும் விளக்கேந்தவும் கடமைப்பட்ட பெண்களுக்கு மானிய நிலங்கள் இருந்தன. அந்த நிலம் ஊழியத்துக்கான கூலி. ஊழியம் நின்றால் நிலமும் போகும். தாய் மூப்படைந்து ஆட இயலாமற் போகும்போது, வீட்டில் ஒருத்தி பொட்டுக்கட்டிக்கொண்டால்தான் மானியம் குடும்பத்தில் தங்கும். பெண் பிறக்காத வீட்டில் ஒரு சிறுமியைத் தத்தெடுத்தாவது ஊழியத்தைத் தொடரச் செய்தார்கள். மகளைத் திருமணம் செய்துகொடுக்க விரும்பும் தாயிடம் சட்டம் சொன்னது, மகளா நிலமா என்று தீர்மானித்துக்கொள் என்பதுதான்.

இத்தகைய நிலையில் தடைச் சட்டம் மட்டும் வந்தால் என்ன ஆகும்? ஊழியம் குற்றமாகிவிடும், நிலத்தைக் கோயில் எடுத்துக்கொள்ளும், அப்பெண்கள் தெருவுக்கு வருவார்கள். முத்துலட்சுமி இதைக் கண்டுகொண்டார். தடைக்கு முன்னால் அவர் கொண்டுவந்தது நிலம் பற்றிய மசோதா. சபையில் நிறைவேறி 1929-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டமாகிய அது, அறநிலையச் சட்டத்தில் 44-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. மானிய நிலத்தை ஊழியக் கடமையிலிருந்து விடுவித்து, அதற்கு ஈடாகக் கோயிலுக்குச் சேரவேண்டிய ஒரு வாரத் தொகையை விதிப்பது அதன் சாரம். விடுவிக்கப்பட்ட பின் அப்பெண் கோயிலில் ஆடவேண்டியதில்லை. ஆடவில்லை என்பதற்காக அவளை நிலத்திலிருந்து இறக்கவும் முடியாது. மகளுக்குப் பொட்டுக்கட்டவேண்டும் என்ற கட்டாயத்தின் பொருளாதார வேர் அங்கே அறுந்தது.

இச்சட்டம் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கவில்லை. தடுக்காமலே, விட்டுவிட விரும்பியவர்களுக்குக் கதவைத் திறந்தது. கோயில்களின் எதிர்ப்பு குறைந்ததற்கும் இதுவே காரணமாயிருக்கலாம். கோயிலுக்கு வரவேண்டிய வருவாய் வேறு உருவில் வந்துகொண்டிருந்தது. ஒரு தீமையைக் கண்டிப்பது எளிது. அந்தத் தீமை யாருடைய அடுப்பை எரியவைத்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டு, அடுப்பு அணையாதவாறு தீமையை மட்டும் பிரித்தெடுப்பது அரிது. சட்டம் இயற்றுவோரின் தொழில்திறன் என்பது இதுதான்.

*

மறுபக்கத்தையும் சொல்லியாகவேண்டும்.

தேவதாசிகள் எல்லோரும் இந்தச் சீர்திருத்தத்தை வரவேற்கவில்லை. 1927-லேயே அவர்கள் சங்கமாகத் திரண்டு அரசுக்கு மனு அளித்தார்கள். தங்களை விபசாரிகள் என்று மொத்தமாக முத்திரை குத்துவதை எதிர்த்தார்கள். மற்ற இந்துப் பெண்களுக்கு இல்லாத சொத்துரிமையும் தத்தெடுக்கும் உரிமையும் கல்வியும் கலையும் தங்களிடம் இருப்பதை எடுத்துச் சொன்னார்கள். அது வெறும் தன்னலக் கூச்சல் அல்ல. பெண்வழியே சொத்து இறங்கிய ஒரு மரபு, ஆண்வழி மரபுக்குள் கரைந்துபோகவிருந்த தருணம் அது. மானியங்கள் தனிச்சொத்தானபோது அக்குலத்தின் ஆண்களே அதிகம் பயனடைந்தார்கள் என்று பிற்கால ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். அதே குலத்தில் பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோ முத்துலட்சுமியின் பக்கம் நின்றார். தம் அனுபவத்தை 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ என்னும் நாவலாகவும் எழுதினார். ஒரே குலத்துப் பெண்கள் இரு தரப்பாக நின்ற வழக்கு இது.

முத்துலட்சுமியின் மொழி சில சமயம் கடுமையானது. ஒழுக்கம், தூய்மை என்ற சொற்களையே அவர் அதிகம் நம்பினார். 1932-இல் சதிர் ஆட்டம் குறித்து ஈ. கிருஷ்ணய்யரோடு பத்திரிகைகளில் அவர் நடத்திய விவாதத்திலும் அக்கடுமையைக் காணலாம். கலையையும் வழக்கத்தையும் பிரித்துப் பார்க்க அவர் மறுத்தார். பிரித்துப் பார்த்தவர்கள் கலையை எடுத்துக்கொண்டு, அதை வளர்த்த பெண்களை விட்டுவிட்டார்கள். இரண்டிலும் இழந்தவர்கள் ஒருவரே. ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மேடையில் கடுமையாகப் பேசிய அதே முத்துலட்சுமி, சட்டம் எழுதும்போது அப்பெண்களின் நிலத்தைக் காக்கும் பிரிவைத்தான் முதலில் எழுதினார். அவரை மதிப்பிடுகையில் பேச்சைவிட அப்பிரிவுக்கே நான் அதிக எடை தருவேன்.

*

1930 ஜனவரியில், பொட்டுக்கட்டுவதை நேரடியாகத் தடைசெய்யும் மசோதாவை அவர் சபைமுன் வைத்தார். அது பொதுக் கருத்தறியச் சுற்றுக்கு விடப்பட்டது. விபசார விடுதிகளை ஒடுக்கும் சட்டமும் அவர் துணைநிற்க அவ்வாண்டு வந்தது. அந்த ஆண்டின் மே மாதத்தில் உப்புச் சத்தியாக்கிரகத்தை ஒட்டி காந்தி கைதானார். முத்துலட்சுமி பதவி விலகினார்.

அந்த விலகல் நியாயமா என்று நாம் கேட்டுக்கொள்ளலாம். காந்தியைச் சிறையிலிட்ட அரசின் நியமன உறுப்பினராக நீடிப்பது அவருடைய மனசாட்சிக்கு ஒவ்வவில்லை. ஆனால் தடை மசோதா தாயில்லாப் பிள்ளையாயிற்று. அவருக்குப் பின்னால் தொடங்கிய பம்பாய் மாகாணம் 1934-இல் சட்டம் இயற்றிவிட்டது. சென்னையில், 1937 முதல் 1939 வரை நடந்த காங்கிரஸ் ஆட்சியிலும் அது நிறைவேறவில்லை. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராயிருந்த 1947-இல்தான் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தப் பதினேழு ஆண்டுகளில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமிகளின் கணக்கு அந்த விலகலின் மறுபக்கத்தில் இருக்கிறது. நாட்டுக்கான கடமையும் ஒரு மசோதாவுக்கான கடமையும் மோதியபோது அவர் ஒன்றைத் தேர்ந்தார். எதைத் தேர்ந்திருந்தாலும் இழப்பு இருந்திருக்கும். தம் சட்டசபை நாட்களைப் பற்றி அவர் அதே ஆண்டு ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். தம்மை அனுப்பியவர்களுக்குக் கணக்கு ஒப்படைப்பது உறுப்பினரின் கடமை என்று கருதியவர் செய்யும் காரியம் அது.

சட்டம் எங்கே நின்றுவிடும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். பொட்டுக்கட்ட மறுத்து வெளியேறும் பெண்ணுக்கு உரிமை கிடைக்கலாம். அன்றிரவு தங்க இடம் வேண்டும். விடுதிகள் அத்தகைய பெண்களைச் சேர்க்கத் தயங்கின. 1930-இல் அவர் தொடங்கிய அவ்வை இல்லம் அந்த இடைவெளியில் எழுந்தது. புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த துயரமும் இப்படியே ஒரு நிறுவனமாயிற்று. 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. முத்துலட்சுமி 1968-இல் மறைந்தார்.

ஏழைத் தாய்மார்களுக்கான மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்குத் தமிழக அரசு அவர் பெயரைச் சூட்டியது. பெயர் பலருக்கும் தெரியும். மேடைக் கதையும் தெரியும். அடுத்த முறை அந்தக் கதையைக் கேட்டுக் கைதட்டும்போது, ஓர் ஊழிய மானியத்தின் நிபந்தனையை எப்படி அவிழ்ப்பது என்று யோசித்து யோசித்து ஒரு பிரிவை எழுதிய டாக்டரம்மாவையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வோம். அந்தப் பிரிவை யாரும் மனப்பாடமாகச் சொல்வதில்லை. அதனால் நிலம் தங்கிய வீடுகளில், சில பெண்கள் பொட்டுக்கட்டாமல் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள்.