மரபணுவைத் தடுக்கும் புரதங்கள்

நம் உடலின் உயிரணுக்களில் ஏறத்தாழ 20,000 புரத மரபணுக்கள் அடங்கியுள்ளன. கண்ணின் உயிரணுவும் ஈரலின் உயிரணுவும் வைத்திருப்பது ஒரே ஏட்டைத்தான். ஆயினும் ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய பக்கங்களை மட்டுமே படிக்கின்றது. ஏனைய பக்கங்களை மூடி வைப்பது எது? மார்பகப் புற்றுநோயின் வரலாற்றில் இவ்வினா பல்லாயிரம் பெண்களின் உயிரோடு தொடர்புடையதாயிற்று. அவ்வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

1896-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்ஸன் ஓர் அரிய செய்தியை வெளியிட்டார். முற்றிய மார்பகப் புற்றுநோயால் வருந்திய பெண்ணொருத்தியின் சூலகங்களை அவர் அகற்றினார், புற்றுக்கட்டி சுருங்கியது. எங்கோ இருக்கும் சூலகத்துக்கும் மார்பிலுள்ள கட்டிக்கும் என்ன உறவு? ஹார்மோன் என்னும் சொல்லே அன்று பிறந்திருக்கவில்லை.

விடையின் ஒரு பகுதி 1958-இல் கிட்டியது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்ஸன் என்பார், கதிரியக்கம் ஊட்டப்பெற்ற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை எலிகளுக்குச் செலுத்தி, அது கருப்பை போன்ற சில உறுப்புகளிலேயே தங்குவதைக் கண்டார். ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்று அங்கே இருந்தது. அதனை ஏற்பி என்கின்றோம். மார்பகப் புற்றுகளில் பெரும்பாலானவற்றில் இவ்வேற்பி உண்டு. ஹார்மோன் வந்து சேர்ந்ததும் ஏற்பி மரபணுக்களின்மேல் அமர்ந்து, உயிரணுவைப் பெருகத் தூண்டுகின்றது.

தூண்டுதல் இவ்வாறாயின், தடுத்தல் எவ்வாறு? இதற்கு வழிகாட்டியது ஒரு நுண்ணுயிர். பால் சர்க்கரை இல்லாதபோது, அதனைச் செரிக்கும் மரபணுக்களைக் குடல் பாக்டீரியா மூடி வைக்கின்றது. பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த ஜாக்கோபும் மோனோவும் இதற்கென ஒரு தடுப்புப் பொருள் உண்டென 1961-இல் விளக்கினர். அது ஒரு புரதமே என்பதை 1966-இல் கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும் ஹார்வர்டில் மெய்ப்பித்தனர்.

இதற்கிடையே, 1962-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்ஸன் என்னும் வேதியியலறிஞர் தமாக்ஸிஃபன் என்னும் பொருளை உருவாக்கினார். கருத்தடை மருந்தாகும் என்று எதிர்பார்க்கப்பட்ட அது, அப்பணிக்கு உதவவில்லை. ஆனால் மான்செஸ்டர் நகரத்துக் கிறிஸ்டி மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோயாளருக்குக் கொடுத்தபோது பலன் தெரிந்தது. 1971-இல் அம்முடிவுகள் வெளியாயின. ஏற்பியுடைய புற்றுநோய்க்கு இம்மருந்தை ஐந்தாண்டுகள் உட்கொள்வதால், அந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகின்றது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

மருந்து ஹார்மோனின் இடத்தை அடைத்துக்கொள்கின்றது என்பதே முதலில் கிடைத்த விளக்கம். அது மட்டும் போதவில்லை. ஏற்பி தனித்து இயங்குவதன்று. துணைப் புரதங்களை அழைத்து வருகின்றது. அவற்றுள் தடுக்கும் வகையைச் சேர்ந்த என்கோர், ஸ்மர்ட் என்னும் இரு புரதங்கள் 1995-இல் அறியப்பட்டன. இவை மரபணு இழை சுற்றியுள்ள ஹிஸ்டோன்களிலிருந்து அசிட்டைல் தொகுதிகளை நீக்கும் நொதிகளைக் கொணர்கின்றன. இழை இறுகுகின்றது, மரபணு வாய் மூடுகின்றது. தமாக்ஸிஃபன் ஏற்பியின் வடிவத்தை மாற்றுவதால், மார்பகப் புற்றணுவில் ஏற்பி தூண்டும் துணையை விட்டுத் தடுக்கும் துணையை அழைக்கின்றது என்பது 2000-இல் சோதனையால் காட்டப்பட்டது.

இதனால் வேறொரு புதிரும் அவிழ்ந்தது. மார்பில் தடை செய்யும் தமாக்ஸிஃபன், கருப்பையின் உட்படலத்தில் வளர்ச்சியைத் தூண்டி, அங்கே புற்றுநோய் தோன்றும் வாய்ப்பைச் சிறிது கூட்டுகின்றது. கருப்பை உயிரணுக்களில் தூண்டும் துணைப் புரதமொன்று மிகுந்திருப்பதே இதற்குக் காரணம் என 2002-இல் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர் காட்டினர். மேலும், மருந்துக்கு அடங்காது போன கட்டிகளில் என்கோரின் அளவு குறைவதை 1998-இலேயே எலிச் சோதனைகள் உணர்த்தியிருந்தன.

ஆகவே, மருந்தின் வெற்றி மருந்தை மட்டும் பொறுத்ததன்று. அதன் சொற்கேட்டு மரபணுவை மூடும் புரதங்கள் அவ்வுயிரணுவில் போதிய அளவு உள்ளனவா என்பதையும் பொறுத்தது. ஒரே மாத்திரை ஒரு பெண்ணைக் காப்பதும், மற்றொரு பெண்ணிடம் நாளடைவில் பயனற்றுப் போவதும் ஏன் என்று ஆராய்வோர், இன்று இத்தடுக்கும் புரதங்களையும் கணக்கில் கொள்கின்றனர். பீட்ஸன் கத்தியால் நீக்க முயன்ற தூண்டுதலை, உயிரணுவின் சொந்தக் காவலர்களைக் கொண்டே அடக்கும் வழியை நாம் மெல்ல மெல்லக் கற்று வருகின்றோம்.