செம்பும் இலையும்

செம்புக் கம்பி நட்டால் செடி சூரிய சக்தியை ஈர்க்கும் என்பவர்கள் பசுமலையிலும் உண்டு. இவர்களுக்கு முன்னோடிகளில் ஒருவர் ஆஸ்திரிய வனக்காவலர் விக்டர் ஷௌபெர்கர் (1885–1958). இரும்புக் கலப்பை மண்ணின் நீரைக் கெடுக்கும், செம்பு காக்கும் என்றார். ஜகதீஷ் சந்திர போஸ் 1923-ல், ஜீவ அணுக்களின் துடிப்பால்தான் செடியில் நீர் ஏறுகிறது என்று எழுதினார். தாவரவியல் இரண்டையும் ஏற்கவில்லை. ஆனால் இருவரையும் ஒரே தட்டில் வைக்க எனக்குச் சம்மதமில்லை. போஸ் கருவியையும் அளவுகளையும் முன்வைத்தார். பிறர் செய்துபார்த்து மறுக்க முடிந்தது. ஷௌபெர்கரின் ‘உயிருள்ள நீ’ருக்கு அளவுகோலே கிடையாது.

இலையில் செம்பு இருக்கிறது. 1960-ல் ஜப்பானில் கண்டறியப்பட்ட பிளாஸ்டோசயனின் என்ற செம்புப் புரதம் ஒளிச்சேர்க்கையில் எலெக்ட்ரானைக் கடத்துகிறது. தேவை துளியிலும் துளி, மிஞ்சினால் நஞ்சு. திராட்சைக்குச் சுண்ணாம்போடு மயில்துத்தம் அடிப்பது பூஞ்சையைக் கொல்லத்தான்.

நிராகரிக்கப்பட்டதையே தகுதியாக எண்ணும் பழக்கம் சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கும் உண்டு. மறுக்க இடம் தந்திருக்கிறதா என்பதே நாம் கேட்கவேண்டியது.