நஞ்சென்று ஒதுக்கிய மருந்து

மாமல்லபுரத்துச் சிற்ப எழில் காணச் செங்கற்பட்டில் இறங்குவோர் ஏராளம். அந்நகரை அடுத்த திருமணியை எட்டிப் பார்ப்போர் எத்தனை பேர்? தொழுநோயாளருக்கென 1920-களில் லேடி வில்லிங்டன் பெயரால் இல்லம் எழுந்த இடம் அது.

அந்நாளில் அந்நோயாளருக்கு நாடு அளித்தது என்ன? முற்பிறவிப் பாவம், முன்வினைப் பயன் என்று கைவிரித்தது வைதிகம். பாவமல்ல, கிருமி என்று நார்வே நாட்டு ஹான்சன் 1873-லேயே கண்டு கூறினார். கூறி என்ன? 1898-இல் வந்த சட்டம், ஏழைத் தொழுநோயரைப் பிடித்து அடைக்க வகை செய்தது. ஆம், ஏழையரை! மாடியிலே இருந்த நோயாளியைத் தேடிச் சட்டம் படியேறவில்லை. மருந்தென்று இருந்ததோ நீரடிமுத்து இன எண்ணெய். ஊசியால் ஏற்றுவர்; வலி மிகுதி, பயன் சொற்பம்.

1908-இல், ஜெர்மனியின் பிரைபர்க் நகரில், சாய ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த பிராம், விட்மன் என்னும் வேதியியலார் ஒரு பொருளை ஆக்கினர். டாப்சோன் என்று பின்னாளில் பெயர் பெற்றது அதுதான். ஏறத்தாழ முப்பதாண்டுகள் அதனை மருந்தாக எவரும் எண்ணவில்லை. 1937-இல் அதன் கிருமி கொல்லும் ஆற்றல் புலப்பட்டது. ஆனால் சல்பா மருந்துகளைக் கொடுத்த அதே பேரளவில் கொடுத்தனர். குருதியின் சிவப்பணுக்கள் சிதைந்தன. நஞ்சு என்று ஒதுக்கினர். அதன் வழிப்பொருளான புரோமினை 1941-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் பேஜட் சிரைவழிச் செலுத்தி, தொழுநோய் தணியக் கண்டார். நல்லதுதான். எனினும், ஓயாத ஊசியும் உயர்ந்த விலையும் ஏழை நாட்டுக்கு ஏற்குமா?

திருமணி இல்லத்தில் ராபர்ட் காக்ரேன் என்னும் மருத்துவர், 1946-இல், ஒதுக்கப்பட்ட அந்த மூலப்பொருளையே கையிலெடுத்தார். அளவைக் குறைத்தார், எண்ணெயில் கலந்து, இடைவெளி விட்டு ஊசியாகப் போட்டார். நோய் தணிந்தது! பின்னர் நைஜீரியாவில் லோவ் அதனை மாத்திரையாகவே கொடுத்தார். நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் என்பது பிற்கால வழக்கமாயிற்று. ஏழைக்கும் எட்டும் விலை.

நஞ்சு என்றவர்கள் பொய்யுரைக்கவில்லை. மிகுந்தால் உதடு நீலம் பாரிக்கும். பிறவியிலேயே குறிப்பிட்ட நொதி குறைந்தவர்க்குச் சிறிதளவும் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சிலர்க்குக் காய்ச்சலும் தோல் தடிப்பும் ஈரல் கேடும் வரும். மருத்துவர் கண்காணிப்பு அதனால்தான் வேண்டும். குறைந்தாலும் கேடு உண்டு: தனித்தும் அரைகுறையாகவும் உண்ட இடங்களில் கிருமி பழகிக்கொண்டது. 1982-இல் உலக நலவாழ்வு நிறுவனம் ரிபாம்பிசின், குளோபசிமின் ஆகியவற்றை டாப்சோனுடன் சேர்த்துக் கொடுக்கப் பணித்தது.

திருமணி இல்லத்தை 1955-இல் மத்திய அரசு ஏற்று ஆய்வு நிலையமாக்கிற்று. அதே ஆண்டு வந்த இந்துத் திருமணச் சட்டமோ, தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்றது! 1898-ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கியது 2016-இல். மணமுறிவு விதி நீங்கியது 2019-இல்.